சாமியானாக் கூலி: ஒரு பைபாஸ் விசாரணைக்கு இடம் பார்த்த கதை

முதல் விசாரணைக்கு 40 நாற்காலி போட்டிருந்தோம். வந்தவர்கள் 11 பேர். அதிலும் இரண்டு பேர் பட்டா மாறுதலுக்காக வந்து, உள்ளே ஏ.சி. ஓடுவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவர்கள்.

நான் அப்போது நில எடுப்புப் பிரிவில் சர்வேயர். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. திட்டம் பெரியதொன்றும் இல்லை. தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன டவுன். அதன் கடைத்தெருவில் லாரியும் பஸ்ஸும் எதிரெதிரே வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். போகிறவர் யார் என்று முடிவாவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அந்தத் தெருவைத் தவிர்த்து, வயல் வழியாக 6 கிலோமீட்டர் புறவழிச்சாலை. நெல்லை மேற்குப் புறவழிச்சாலை மாதிரி பேப்பரில் அடிக்கடி அடிபடுகிற திட்டமல்ல. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் அங்கேயேதான் இருக்கிறார்கள், காரையாறு போக வேண்டுமென்றால் நானும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். சாலை தொடங்குகிற பக்கத்து ஊரை மேலூர் என்றும், முடிகிற பக்கத்து ஊரைக் கீழூர் என்றும் வைத்துக்கொள்வோம்.

நிலம் போகிறவர்களின் ஆட்சேபனையைக் கேட்கிற இந்த விசாரணை இரண்டு தடவை நடந்தது. மூன்றாவதாக ஒன்றும் நடந்தது, அது கணக்கில் வராது. ஒரே சாலை, ஒரே வரைபடம், ஒரே அதிகாரி. உட்கார்ந்த இடம் மாறியதும் கோப்புக்குள் வந்த ஆட்சேபனைகளே வேறாகிவிட்டன.

அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தி

முதல் விசாரணை எங்கள் அலுவலக மாடியில். ஏன் அங்கே என்று யாரும் கேட்கவில்லை, அதனால் அங்கே. பதிவேடுகள் பீரோவில் இருக்கின்றன, ஜெராக்ஸ் கீழே இருக்கிறது, அதிகாரிக்கு மதியம் அதே கட்டடத்தில் இன்னொரு கூட்டம். மேலூரிலிருந்து 22 கிலோமீட்டர். கீழூரிலிருந்து இன்னும் கொஞ்சம் கூட. தூரத்தைவிட பஸ்தான் பிரச்சினை. கீழூருக்குக் காலை 7 மணிக்கு ஒரு பஸ், அடுத்தது பதினொன்றரைக்கு. விசாரணை 11 மணிக்கு. ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கினால் மூன்று மணி நேரம் எங்கே உட்கார்வது? எங்கள் அலுவலக வாசலில் ஒரு வேப்ப மரம் உண்டு. அதன் நிழலில் ஜீப் நிற்கும்.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாதே, வந்தால் என்ன என்று எங்கள் கிளார்க் ஒருவர் சொன்னார். கீழூரில் பாதி வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். ஒரு நாள் மடியிலிருந்து சொளவை இறக்கினால் அன்றைய கூலி போச்சு. மறுநாள் கடையில் கணக்குக் கொடுக்கும்போது வாங்கின இலைக்கும் தூளுக்கும் பதில் சொல்ல வேண்டும். இதில் டிக்கெட் காசு எந்த மூலைக்கு?

தேதி இன்னும் மோசம். ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தி குறித்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த வாரம் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். சட்டி பானை, ஆடு, பாட்டி, கைக்குழந்தை எல்லாம் வண்டியேறிவிடும். ஊரில் நாய் மட்டும் இருக்கும். தேதி குறித்த அதிகாரி வடமாவட்டத்துக்காரர், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். புல எண்ணும் எல்லைக் கல்லும்தான் என் வேலை, காலண்டர் பார்ப்பது என் வேலையில்லை என்று நான் வாயைத் திறக்கவில்லை.

வந்த ஒன்பது பேரில் மூன்று பேர் திருநெல்வேலியில் வீடு கட்டிக் குடியேறியவர்கள். ஒருவர் சென்னையிலிருந்து மகனோடு காரில் வந்தார். நான்கு பட்டாதாரருக்காக ஒரு வக்கீல். மேலூர் ரைஸ்மில்காரர். இப்படியே. எல்லாரிடமும் டைப் செய்த மனு. வழிகாட்டி மதிப்பு குறைவு, சந்தை விலை வேண்டும். என் வயலை விட்டு பத்து மீட்டர் தள்ளிப் போங்கள். எல்லா மனுவும் இந்த இரண்டு ரகம்தான். நியாயமான கோரிக்கைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மனுவில்கூடத் தண்ணீர் என்ற சொல் இல்லை. கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய் என்று பாசனம் பாயும் நாடு இது. இங்கே வயலுக்கு நடுவே மண்ணை உயர்த்தி ரோடு போட்டால் ஏதாவது ஒரு வாய்க்காலையோ வடிகாலையோ மறிக்காமல் முடியாது. அதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லையே என்று எனக்கு அன்றைக்கே உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. பன்னிரண்டரைக்கு முடிந்தது. நல்ல முறையில் நடந்து முடிந்தது என்று நடவடிக்கைக் குறிப்பில் டைப் ஆனது.

சட்டம் என்ன சொல்கிறது

இடத்தைப் பற்றிச் சட்டம் பேசுகிற விதம் வேடிக்கையாக இருக்கும். சில சட்டங்கள் தெளிவாகச் சொல்கின்றன. சில சட்டங்களில் மூச்சே இல்லை. எந்தச் சாலைக்கு எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்து, மக்கள் பஸ் ஏற வேண்டுமா அதிகாரி ஜீப் ஏற வேண்டுமா என்பது முடிவாகிவிடுகிறது.

2006 செப்டம்பர் 14-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் பின்னிணைப்பு 4 முழுக்கக் கருத்துக் கேட்பைப் பற்றியதுதான். கூட்டம் திட்டம் வரும் இடத்திலோ அதற்கு மிக அருகிலோ, மாவட்ட வாரியாக நடக்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, அது வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் வர வேண்டும். பேப்பர் போகாத இடமென்றால் தண்டோரா போட்டாவது சொல்ல வேண்டும். கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். முடிந்ததும் அங்கேயே சுருக்கத்தை மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இடத்தையும் தேதியையும் எதிர்பாராத அவசரம் என்றாலொழிய, அதுவும் ஆட்சியர் பரிந்துரைத்தாலொழிய, மாற்றக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, குறைந்தது இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கோரம் தேவையில்லை என்றும் சொல்கிறது. ஆக, இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்து, வெறும் நாற்காலிகளை வைத்துக் கூட்டம் நடந்தாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு.

இந்த அறிவிக்கை எங்கள் சாலைக்குப் பொருந்தாது. 2013 திருத்தத்துக்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கமே 100 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் அதற்குள் வரும். எங்கள் 6 கிலோமீட்டர் கிட்டக்கூடப் போகாது.

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் இன்னும் நேராகப் பேசுகிறது. சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கான பொது விசாரணை, பாதிக்கப்படும் பகுதியிலேயே நடக்க வேண்டும் என்கிறது அதன் 5-ஆவது பிரிவு. அதுவும் எங்களுக்கு இல்லை. மாநிலச் சாலைக்கு நாங்கள் நிலம் எடுப்பது தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001-இன் கீழ். அந்த 2013 மத்தியச் சட்டத்திலிருந்து இதற்கு விலக்குக் கொடுத்த 105-அ பிரிவை 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே வருஷம் மாநில அரசு ஒரு புதுச் சட்டம் போட்டுப் பழையதற்கு உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சரி, இந்த இழுபறியில் கீழூர்க்காரருக்குக் கிடைத்தது என்ன? 15-ஆவது பிரிவு, 2-ஆவது உட்பிரிவு: நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் சொல்லும்படி உரிமையாளருக்கும் அந்த நிலத்தில் நலன் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு நோட்டீஸ். காரணத்தை எங்கே வந்து சொல்வது என்பதை அதிகாரிதான் நிரப்ப வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலை என்றாலும் கதை பெரிதாக மாறாது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3சி பிரிவில் 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம், நேரிலோ வக்கீல் மூலமோ பேசலாம். எங்கே என்பது நோட்டீஸ் அடிக்கிறவர் கையில்.

ரோடு மட்டுமா? மினி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய விரிவான மினி பஸ் திட்டத்தின் வரைவு 2024-இல் வந்தது. அதன் மீதான கருத்துக் கேட்பு அந்த ஜூலையில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் நடந்தது. பஸ் போகாத குக்கிராமத்துக்குப் பஸ் விடுவதற்கான திட்டம் அது. ராதாபுரம் தாலுகாவில் ஒரு குக்கிராமத்துக்காரர் அதைப் பற்றி நேரில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் 600 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். முதலில் பஸ் இருக்கிற ஊருக்கு நடக்க வேண்டும். மாநிலம் முழுமைக்கும் ஒரே திட்டம், அதனால் ஒரே இடம் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். பஸ் அதிபர் சங்கங்கள் போய்விடும். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர் போக முடியாது.

கோப்பு திரும்பி வந்தது

இரண்டாவது விசாரணை எங்கள் ஞானோதயத்தால் நடக்கவில்லை. நோட்டீஸ்களில் பல, செத்துப்போனவர்கள் பெயருக்குப் போயிருந்தன. பட்டா தாத்தா பெயரில், அனுபவம் பேரன் கையில். எந்தக் கிராமத்திலும் இதுதான் நிலைமை. வாரிசுகளுக்கு நோட்டீஸ் சேரவில்லை, மறுபடி விசாரியுங்கள் என்று மேலிடத்திலிருந்து கோப்பு திரும்பி வந்தது. இந்தத் தடவை ஊரிலேயே வைத்துவிடலாம் என்று அதிகாரியே சொன்னார். நல்ல மனுஷன். "இடம் ஒண்ணு பாத்துட்டு வாங்க" என்று என்னையும் கிராம நிர்வாக அலுவலரையும் அனுப்பினார்.

அரை நாள் வேலை என்று நினைத்தேன். நாலு நாள் ஆனது.

மேலூரில் நல்ல திருமண மண்டபம் இருக்கிறது. மின்விசிறி, ஜெனரேட்டர், கழிப்பறை, வண்டி நிறுத்த இடம். வாடகைகூட வேண்டாம் என்றார்கள். ஒரு சமுதாயத்தார் வரி பிரித்துக் கட்டியது. பேசி முடித்துவிட்டு வெளியே வரும்போது எங்களோடு வந்த தலையாரி மெதுவாகச் சொன்னார்: "சார், இங்கன வச்சா கீழூர்க்காரன் ஒருத்தன் படியேற மாட்டான். நாளைக்கு நீங்க போயிருவீக. நான்லா பதில் சொல்லணும்."

எனக்கு அவர் வயதில் மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். "அப்ப எங்கன வைக்கலாம் அண்ணாச்சி?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. இடத்தைச் சொல்லிவிட்டால் சொன்னவர் ஒரு பக்கம் சாய்ந்தவராகிவிடுவார், அதனால் ஒவ்வொன்றாக நாங்கள் கேட்க வேண்டும், அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த நாலு நாளும் இப்படித்தான் போனது.

பஞ்சாயத்து ஆபீஸ்? மேலூர் நடுத்தெருவில் இருக்கிறது, இருபது பேருக்கு மேல் கொள்ளாது. மீதிப்பேர் வெளியே நிற்பார்கள், வெளியே நிற்பவர்கள் யாராக இருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கோயில் முன் மண்டபம்? சர்ச் ஹால்? கிராம சபைக்கு வரும் அறிவுரைகளிலேயே மதம் சார்ந்த வளாகத்தில் கூட்டக் கூடாது, இடத்தைச் சுழற்சி முறையில் குக்கிராமங்களுக்கு மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கும். விவரம் தெரிந்த யாரோ எழுதின வரி அது. நில எடுப்பு விசாரணைக்கு அது பொருந்தாது என்றாலும் நாங்கள் அதையே பிடித்துக்கொண்டோம். கிராம சபையோடு சேர்த்தே விசாரணையை வைத்துவிடலாமா என்று அதிகாரி கேட்டார். கிராம சபைக்கு வருஷத்தில் ஆறு நாள் இருக்கிறதே, அதில் ஒன்றில் வைத்தால் கூட்டத்துக்குக் கூட்டமும் ஆச்சு. கிராம நிர்வாக அலுவலர் கும்பிட்டுவிட்டார். தெருவிளக்கு, நூறு நாள் வேலை, பைபாஸ் மூன்றும் ஒரே மைக்கில் வந்தால் மூன்றும் நடக்காது என்றார்.

பள்ளிக்கூடம் பாக்கி இருந்தது. மேலூர் பள்ளிக்கூடத்துக்கு எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள், யாரும் வாசலில் நிற்க வேண்டாம். தலையாரி முகமும் கோணவில்லை. நான் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் சாலை வரப்போகும் வயல் தெரியாது என்பது மட்டும் ஒரு குறையாகப் பட்டது. பெரிய குறையாக அல்ல.

அன்றைக்குச் சாயங்காலம் திரும்பும் வழியில் கீழூருக்குக் கொஞ்சம் முன்னால் நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் வண்டியை நிறுத்தினோம், வெறுமனே தண்ணீர் குடிக்க. பிசானம் அறுவடையில் நெல்லைக் கொட்டி வைத்துக் காவல் கிடக்கிற சிமென்ட் களம். அப்போது காலியாகக் கிடந்தது. மேலூர் முதலாளியும் அங்கேதான் நெல் போடுகிறார், கீழூர்ச் சம்சாரியும் அங்கேதான் போடுகிறார், கிழக்குத் தெரு ஆட்கள் அங்கேதான் மூட்டை தூக்குகிறார்கள். ஒருவருக்கும் புது இடமில்லை, ஒருவருக்கும் சொந்த இடமுமில்லை. சாலையின் நடுக்கோடு அதன் கிழக்கு ஓரத்திலிருந்து 80 மீட்டரில் போகிறது. தலையாரியைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "இங்கன நிழல்தான் இல்ல" என்றார்.

களம்

நிழலுக்கு சாமியானா சொன்னோம். கோயில் கொடை நடக்கிற கிழமைகளைத் தவிர்த்தோம். பீடி கொடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பியிருக்கும் நேரமாக மாலை நாலு மணி வைத்தோம். உதவிப் பொறியாளருக்குக் கவலை: திறந்த வெளியில் வைத்தால் மறித்துக்கொள்வார்கள், ஒரு பக்கம் கத்தினால் மறுபக்கம் கேட்காது. இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள், கடைசியில் டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒருவர் மட்டும் கொஞ்சம் போட்டுவிட்டு வந்திருந்தார், அவருக்குச் சித்தப்பா முறைக்காரர் ஒருவர் தோளில் கையைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு காரியம் மட்டும் நான் செய்தேன், இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. முதல் விசாரணையில் சுவரில் வரைபடம் ஒட்டியிருந்தோம். புல எண்ணும் உட்பிரிவும் பொடி எழுத்தில், நானே கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும். இந்தத் தடவை அன்று காலையில் செயினைப் பிடித்து, நடுக்கோட்டில் சுண்ணாம்புப் பொடி தூவி, இரண்டு பக்க எல்லையிலும் சிவப்புத் துணி கட்டின குச்சி நட்டோம். களத்தில் நின்று பார்த்தால் வரப்போகிற ரோடு அப்படியே தெரிந்தது.

தப்பும் செய்தோம். நாற்காலியை முன்னால் மட்டும் போட்டு, மேஜையில் மைக்கை வைத்தோம். முன்னால் உட்கார்ந்தவர்கள் யாரோ அவர்களே பேசினார்கள். மறுபடியும் வழிகாட்டி மதிப்பு, மறுபடியும் பத்து மீட்டர். அரை மணி நேரம் இப்படிப் போயிற்று. தலையாரி மேஜைக்கு வந்து, யாரிடமும் கேட்காமல் மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வயர் போகிற அளவு பின்னால் போய் நின்றுகொண்டார். அவ்வளவுதான் அவர் செய்தது.

முதலில் வாங்கியது ஓர் ஆச்சி. எழுபதுக்கு மேல் இருக்கும். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு மைக் இல்லாமலேயே பேசினார். "நீங்க கோடு போட்டுருக்கது நல்லாத்தான் இருக்கு. தண்ணி அந்தக் கோட்டைப் பாத்து நிக்குமா?" கீழூர்க் குளம் நிறைந்தால் மறுகால் எந்தப் பக்கம் பாயும் என்று கேட்டார். உதவிப் பொறியாளர் படத்தைப் பார்த்து ஓடை இருக்கிற இடத்தைக் காட்டினார், அங்கே ஒரு குழாய்ப் பாலம் போட்டிருக்கிறோம் என்றார். "அது ஓடை. ஓடையில தண்ணி போறது சும்மா மழைக்கு. தொண்ணூத்திரண்டுல எங்கன நின்னுச்சுன்னு காட்டுதேன், வாங்க."

எல்லாரும் எழுந்து போனோம். அதிகாரி வேட்டியை மடித்துக் கட்டினவர் மாதிரி பேண்டைச் சுருட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் 30 மீட்டரில் ஒரு பழைய பம்புசெட் ரூம். அதன் மேற்குச் சுவரில், என் மார்பு உயரத்தில், செங்கல் சுரண்டி ஒரு கோடு. 1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்தபோது அவர் வீட்டுக்காரர் போட்டதாம். குளத்து மறுகால் ஒரு பக்கம், ஆறு எதிர்த்து ஏறினது ஒரு பக்கம், இரண்டும் அந்த வயலில் வந்து முட்டியிருக்கின்றன. எங்கள் சர்வே கோடையில் எடுத்தது. ஓடை இருக்கும் இடம் அதில் இருந்தது. ஓடை பத்தாதபோது தண்ணீர் போகிற வழி அதில் இல்லை. நான் டேப்பைப் பிடித்து அளந்து, அதிகாரி முன்னாலேயே குறிப்பேட்டில் எழுதினேன். இதை அந்த ஆச்சி 22 கிலோமீட்டர் தள்ளி ஏ.சி. அறையில் எப்படிச் சொல்லியிருப்பார்? சுவர் அங்கே வராது.

அந்த வரைபடத்தில் பிறகு குழாய்ப் பாலம் போய் மூன்று கண் உள்ள பாக்ஸ் கல்வெர்ட் வந்தது, கூடுதலாக இன்னொன்று பம்புசெட் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 மழை எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை. சாலை வேலை அப்போது தொடங்கியிருக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன், எனக்கு வேலையில்லை, சும்மாதான் போனேன். நாங்கள் நட்ட கற்களில் நாலு கல் வண்டல் மூடிக் கிடந்தது.

களத்துக்குத் திரும்பி வந்ததும் மைக் கிழக்குத் தெருப் பையன் ஒருவன் கைக்குப் போயிருந்தது. மயானத்துக்குப் போகிற பாதையைச் சாலை வெட்டுகிறது என்றான். என் புலப்படத்தில் அப்படி ஒரு பாதையே இல்லை. பட்டா நிலத்தில் வழக்கமாக நடந்து நடந்து விழுந்த தடம், வருவாய்க் கணக்கில் ஏறாதது. பட்டாதாரர் முதல் விசாரணைக்கு வந்தவர், தன் நிலத்தில் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர். அவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே, "நடக்கத்தான் செய்யுதாக, நான் எப்பம் மறிச்சேன்?" என்றார். பாத்தியதை என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நடக்கிறார்கள் என்பது நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டது. சுரங்கப்பாதை கேட்டார்கள், கிடைக்கவில்லை. அணுகுசாலையில் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி ஒரு திறப்பு கிடைத்தது. பாடையைத் தூக்கிக்கொண்டு கூடுதலாக அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்தப் பையன் இன்னும் என்னைக் கண்டால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கணக்கில் வராத மூன்றாவது

ஊரிலேயே வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் அன்றைக்கு இரவு நினைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, மனு நாள் கூட்டத்தோடு கூட்டமாக ஒருவர் என் மேஜைக்கு வந்தார். களத்தில் பார்த்த முகம். கடைசி வரை வாயைத் திறக்காமல் சாமியானாக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர். சாலைக்குப் போகிற ஒன்றரை ஏக்கரை அவர் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுகிறார். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருந்தால் அவரும் நலன் உள்ளவர், நோட்டீஸ் போயிருக்கும். ஏறவில்லை. ஏற்றச் சொல்லிக் கேட்டால் குத்தகையே போய்விடும் என்ற பயம்.

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே" என்றேன்.

"களத்துல வச்சு எப்படி சார் சொல்ல? அவுக அங்கனதான உக்காந்திருந்தாக."

எங்கள் மாடி அறை இவருக்கு ஏற்ற இடம். ஊர்க் கண் படாத இடம், கதவைச் சாத்திவிட்டுப் பேசலாம். தண்ணீரும் பாதையும் ஊர் கூடி நின்று விரலை நீட்டிச் சொல்ல வேண்டியவை. குத்தகை, பாகப்பிரிவினை, அண்ணன் தம்பி வழக்கு இதெல்லாம் நாலு பேர் முன்னால் வாயில் வராதவை. நோட்டீஸில் இரண்டு தேதி போட்டு, களத்தில் ஒரு நாள், அதற்குப் பிறகு அலுவலகத்தில் தனித்தனியாக ஒரு நாள் என்று வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவர் சொன்னதை எழுதி வாங்கி, அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலக்கெடுவுக்குப் பிந்தி வந்த மனு என்று கோப்பில் சேர்ந்தது. இழப்பீடு பட்டாதாரருக்குப் போயிற்று. அதில் இவருக்கு ஏதாவது கொடுத்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று ஆகிவிடும்.

அப்புறம் சாமியானா. பந்தல், மைக் செட், நாற்காலி எல்லாம் சேர்த்து ஒரு பில். விசாரணைச் செலவு என்று அனுப்பினோம். விசாரணை அலுவலகத்தில்தானே நடக்கும், அதற்கு ஏன் பந்தல் என்று ஒரு குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். அலுவலகத்தில் நடக்கவில்லை, களத்தில் நடந்தது என்று விளக்கம் எழுதினோம். களத்தில் நடத்த யாருடைய அனுமதி பெறப்பட்டது என்று இரண்டாவது குறிப்பு வந்தது. அதற்குள் அதிகாரிக்கு மாறுதல் வந்துவிட்டது. பந்தல்காரர் என்னையும் கிராம நிர்வாக அலுவலரையும் கடைத்தெருவில் கண்டால் ஒன்றும் கேட்க மாட்டார், சும்மா சிரிப்பார். கேட்டிருந்தால்கூடத் தேவலை. பாதி கிராம நிர்வாக அலுவலர், பாதி நான் என்று கையிலிருந்து கொடுத்து முடித்தோம். தலையாரியும் நூறு ரூபாய் நீட்டினார், வாங்கவில்லை.